இல்லாத மருந்துக்குப் பொன்னாடை

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் முச்சந்தியில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, என் முகம் எட்டடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும், நான்தான் செத்துப்போய்விட்டேனோ என்று ஒரு கணம் திக்கென்றது. எங்கள் பக்கத்தில் அவ்வளவு பெரிய படம் போடுவது தேர்தலில் நிற்கிறவர்களுக்கும் காலமானவர்களுக்கும்தான். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தை எங்கிருந்தோ பிடித்துப் பெரிதாக்கி, கழுத்தில் ஒரு ஸ்டெதஸ்கோப்பையும் மாட்டிவிட்டிருந்தார்கள். மேலே சிவப்பு எழுத்தில், ‘சிறுவர் மூளைக் கட்டிக்கு மருந்து கண்டுபிடித்த மலையகத்தின் தவப்புதல்வியே வருக வருக’ என்றிருந்தது. ஓரத்தில் கோயில் தலைவர் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் படம் என் படத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

நான் டொக்டர் இல்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கையால் தொட்டதும் இல்லை. மருந்தும் கண்டுபிடிக்கவில்லை. கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உதவியாளராக இருக்கிறேன். பலகையில் இருந்தவற்றில் உண்மை என்று சொல்லத்தக்கது மலையகம் ஒன்றுதான்.

என் வேலையை யாருக்கும் விளங்கச் சொல்லிவிடலாம். உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டு ஒன்று. அதில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் கட்டியின் உயிரணுக்களை விட்டு வளர்ப்போம். பிறகு மருந்தை ஒரு வரிசையில் கூட்டி, ஒரு வரிசையில் குறைத்து விட்டு, மூன்று நாள் பொறுப்போம். கடைசியில் ஒரு மஞ்சள் சாயத்தைச் சேர்ப்போம். உயிரோடு இருப்பவை அந்தச் சாயத்தை ஊதாவாக்கிவிடும். செத்த குழி மஞ்சளாகவே கிடக்கும். எந்தக் குழி எவ்வளவு ஊதா என்று ஒரு கருவி படித்துச் சொல்லும், நான் எழுதிக்கொள்வேன்.

அந்த உயிரணுக்கள் எந்த நாட்டிலோ எப்போதோ இறந்துபோன ஒரு பிள்ளையின் தலையிலிருந்து எடுத்தவை. பிள்ளை போய்விட்டது. கட்டி மட்டும் புட்டிக்குள் பெருகிக்கொண்டே இருக்கிறது. அதற்கு நாங்கள் செய்கிற சீராட்டு, பெற்ற பிள்ளைக்கும் யாரும் செய்ய மாட்டார்கள். உடம்புச் சூடு மாறாத பெட்டி, இரண்டு நாளைக்கொருமுறை புதுச் சாப்பாடு, தீபாவளியானாலும் வெசாக்கானாலும் ஓர் ஆள் காவல். மின்வெட்டுக் காலத்தில் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் குப்பி விளக்கு எரிந்தபோது, கட்டிக்கு ஜெனரேட்டர் ஓடியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தட்டில் கிடக்கும் கட்டியைக் கொல்வது பெரிய வித்தையே இல்லை. பாத்திரம் கழுவுகிற சோப்பை ஊற்றினாலும் சாகும். கட்டி சாக வேண்டும், பிள்ளை பிழைக்க வேண்டும் என்கிற இரண்டாவது பாதியில்தான் உலகத்தில் இருக்கிற ஆய்வுகூடமெல்லாம் தலையைப் பிய்த்துக்கொள்கிறது.

வினை ஒரு படத்தில் ஆரம்பித்தது. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு மருந்து நன்றாக வேலை செய்தது. தட்டின் இடது பக்கம் மருந்து போடாத குழிகள் ஊதாவாக இருந்தன. வலது பக்கம் பளிச்சென்று மஞ்சள். மாதக்கணக்காக ஊதாவையே பார்த்துச் சலித்த கண்ணுக்கு அது விருந்தாக இருந்தது. போனில் படம் எடுத்து, அட்டனில் ஆட்டோ ஓட்டும் என் அண்ணனுக்கு அனுப்பினேன். ‘மஞ்சள் எல்லாம் செத்த கட்டி’ என்று ஒரு வரியும் எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். ‘மருந்து வேலை செய்யுது’ என்று இன்னொரு வரியும் எழுதினேன்.

அண்ணன் அதைப் பேஸ்புக்கில் போட்டான். ‘என் தங்கச்சி மூளைக் கட்டியைக் கொன்னுட்டா’ என்று எழுதி, பக்கத்தில் பூ, விளக்கு, கும்பிடும் கை என்று ஒரு பூசைக்கு வேண்டிய எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தான். மஞ்சள் வேறு எங்கள் சனத்துக்கு மங்கலமான நிறம். பார்த்தவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. அதைக் கோயில் தலைவரும் பார்த்தார்.

தலைவர் கோயிலுக்குத் தலைவர், கொழுந்து மலையில் கங்காணி, தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் வேண்டியவர். மறுநாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டிலேயே, தோட்ட உத்தியோகத்தரான கண்டாக்கையாவிடம் சொல்லி அறிவிக்க வைத்துவிட்டார். இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து, யார் யார் புல்லு வெட்டு என்று சொல்கிற அதே வாயால், நம் தோட்டத்துப் பிள்ளை மூளைக் கட்டிக்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறது என்று கண்டாக்கையா சொன்னாராம். பேஸ்புக்கில் வந்ததைச் சந்தேகப்பட எங்கள் ஆட்களுக்குத் தெரியும். பெரட்டில் சொன்னதைச் சந்தேகப்படும் பழக்கம் எங்கள் தோட்டத்தில் கிடையாது.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால், அதே மருந்தை அதே அளவில் நல்ல உயிரணுக்களுக்குப் போட்ட தட்டு வந்தது. மூளையில் இருக்கிற, நோயில்லாத, நாம் எல்லாரும் வைத்திருக்கிற சாதாரண உயிரணுக்கள். அந்தத் தட்டிலும் மருந்து விட்ட பக்கம் பளிச்சென்று மஞ்சள். எங்கள் மேலதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “இதுவும் ஒரு முடிவுதானே” என்று சிங்களத்தில் சொல்லிச் சாப்பிடப் போனார். நான் பழக்கதோஷத்தில் அதையும் படம் எடுத்தேன். அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை.

ஆகவே, மாலைக்குக் கழுத்தை நீட்டியபோது எனக்கு எல்லாம் தெரியும். ஒன்றும் அறியாத பெண்ணைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார்கள் என்று இதைப் படிக்கிறவர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

திருவிழாவோடு சேர்த்து வைத்த பாராட்டு விழா சாயந்தரம் மூன்று மணிக்கு என்றார்கள்; ஐந்துக்குத் தொடங்கினார்கள். தேவாரம், வரவேற்புரை, தேசிக்காய்க் கரண்டி ஓட்டத்துக்குப் பரிசு, அப்புறம் நான். மூன்று பொன்னாடை போட்டார்கள். குளிருக்கு மூன்றும் இதமாக இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. தலைவர் மைக்கைப் பிடித்தார்.

“வெள்ளக்காரனால முடியல. ஜப்பான்காரனால முடியல. நம்ம லயத்துல பொறந்த புள்ள, ரொட்டியும் சம்பலும் தின்ன புள்ள, முடிச்சுக் காட்டிருச்சு! அடுத்த மாசம் மந்திரி வர்றாரு. அவரு கையால இந்த மருந்த ஒலகத்துக்கே குடுக்கப் போறோம்!”

ஏற்புரையில் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். முதல் வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தார். நாற்பது வருசம் கொழுந்து எடுத்த என் அம்மாவை, எந்த விழாவிலும் முன்னால் யாரும் உட்கார வைத்ததில்லை. அன்றைக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி கொடுத்திருந்தார்கள். புதுச் சேலை கட்டி, அந்தக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். பிறகு மைக்கில், “இன்னும் செய்ய வேண்டியது நெறைய இருக்குங்க. ஒங்க எல்லாருடைய ஆசீர்வாதமும் வேணும்” என்று சொன்னேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கொழும்புக்குத் திரும்பும்போது ரயிலில் நாலைந்து முறை சொல்லிப் பார்த்து, பொய் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

மேடையை விட்டு இறங்கியதும் கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஒருவர் பத்து வருசத் தலைவலியைச் சொன்னார். ஒருவர் தன் மாட்டுக்குத் தாடையில் வீக்கம் என்று போனில் படம் காட்டினார். தலைவரே என்னை ஓரமாகக் கூப்பிட்டு, முடி கொட்டுவதற்கு இதே மருந்து கேட்குமா என்று மெதுவாக விசாரித்தார். அந்தக் கும்பலில் அடுத்த லயத்து அக்கா நின்றார். அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர். எனக்குப் பத்து வயது மூத்தவர். சின்ன வயதில் என்னை இழுத்து வைத்துத் தலைபின்னி விட்டவர். இடுப்பில் தன் ஏழு வயது மகளை வைத்திருந்தார். பிள்ளை கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்து விட்டிருந்தது.

“அந்த மருந்து எப்பங்க வரும்?” என்றார். அன்றைக்கு வரைக்கும் என்னை ‘ஏ புள்ள’ என்றுதான் கூப்பிட்டவர்.

“கொஞ்ச காலம் ஆகும்க்கா” என்றேன்.

யாருக்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குத் தலையில் ஆபரேஷன் என்று அம்மா சில மாதத்துக்கு முன்பே போனில் சொல்லியிருந்தார். அப்போது நான் ஒரு தட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். ‘ம்’ கொட்டிவிட்டு வைத்துவிட்டேன். எங்கள் குளிரில் தொப்பி போடாத பிள்ளையே கிடையாது. அதனால் அந்தத் தொப்பிக்குள் முடி இல்லை என்பதை, பிள்ளைகளின் மூளைக் கட்டிக்கு மருந்து கண்டுபிடித்த தவப்புதல்வி கவனிக்கவில்லை. யாரோ செல்பிக்குக் கூப்பிட்டார்கள், போனேன்.

‘கொஞ்ச காலம்’ என்றால் ஆய்வுகூடத்தில் இருபது வருசம். அதுவும் எல்லாம் சரியாக நடந்தால். தோட்டத்தில் அது அடுத்த கொழுந்துச் சுற்று, ஏழெட்டு நாள்.

ஒன்பது நாள் கழித்து அம்மா போன் எடுத்தார்.

“நீ எப்ப வர்ற? அந்தப் புள்ளைக்கு மறுபடி வாந்தி, தலவலி. ஒனக்காகத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க.”

“எனக்காகவா? ஆஸ்பத்திரிக்குப் போகலையா?”

“கொழும்புல கரண்டு வைக்கிறது பாதியில நிக்குது. திருவிழாவுக்குன்னு சனி ஞாயிறு லீவு கேட்டுக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. திங்கக்கெழம போகணும். நீதான் மருந்து கொண்டு வர்றியே, அப்புறம் எதுக்கு அந்தப் புள்ளையப் போட்டு வதைக்கணும்னு நிறுத்திட்டாங்க.”

கரண்டு என்று அம்மா சொன்னது கதிர்வீச்சுச் சிகிச்சை. ஆபரேஷனுக்குப் பிறகு வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம், விடாமல் கொடுக்க வேண்டும். இடையில் நிறுத்தினால், மிஞ்சிக் கிடக்கிற கட்டி சும்மா இருக்காது. அது எனக்குத் தெரியும். என் தட்டுகளில் மருந்து மாற்ற ஒரு நாள் பிந்தினால் குழி நிறைந்து போவதை நான் தினமும் பார்க்கிறவள்.

மேலதிகாரி அம்மாவிடம் லீவு கேட்டேன். “அப்போ உயிரணுக்களுக்கு யார் சாப்பாடு போடுவது?” என்றார். கோபம் வந்தது எனக்கு. அந்த அம்மா மீது கோபப்பட ஒரு நியாயமும் இல்லை என்று தெரிந்தும் வந்தது. அவை செத்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி, அம்மாவைக்கூடப் பார்க்காமல் நேரே அக்காவின் லயத்துக்குப் போனேன். இஸ்தோப்புத் திண்ணையில் பிள்ளை சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அக்கா ஓடிவந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி வந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோள்பையைத்தான் பார்த்தார். அதற்குள் ஒரு பிஸ்கட் பக்கெட்டும் ஒரு குடையும் இருந்தன.

“அக்கா, என்கிட்ட மருந்து இல்ல. அப்பிடி ஒன்ன நான் கண்டுபிடிக்கவே இல்ல” என்றேன்.

அக்கா கதவுப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “தெரியுங்க. தலைவரு சொன்னாரு. மந்திரி வர்ற வரைக்கும் ரகசியம்னு. நாங்க யாருகிட்டயும் மூச்சு விட மாட்டோம். இவளுக்கு மட்டும் முன்கூட்டியே கொஞ்சம்...”

இல்லவே இல்லை என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் அது ரகசியத்தைக் காப்பாற்றுவதாகவே அவர் காதில் விழுந்தது. சத்தியம் செய்தேன். பெரிய ரகசியம்தான் போலிருக்கிறது என்ற முகத்தோடு தலையாட்டினார். பிஸ்கட்டைப் பிள்ளையிடம் கொடுத்தேன். அது வாங்கிக்கொண்டது, திறக்கவில்லை. வெளியே வந்து அழுதேன்.

பெரட்டில் ஏற்றியதைப் பெரட்டில்தான் இறக்க வேண்டும் என்று அம்மா சொன்னார். அதுவும் சரியாகத்தான் பட்டது. மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் போய் நின்றேன். பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. கூடையும் இடுப்பில் சுற்றிய படங்குமாகப் பெண்கள் நின்றார்கள். கண்டாக்கையா பெயர் வாசித்து முடித்ததும் இரண்டு நிமிடம் கேட்டேன். தந்தார்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. நான் மருந்து கண்டுபிடிக்கல. ஒரு தட்டுல கட்டி செத்துச்சு, அவ்வளவுதான். அதே மருந்து நல்லதையும் சேத்துக் கொன்னுருச்சு. அது எந்தப் புள்ளைக்கும் குடுக்குற மருந்து இல்ல. அன்னைக்கே மேடையில சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு.”

அப்பாடா என்று நினைத்தேன். அதற்குள் தலைவர் முன்னால் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. நடிப்பு இல்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது.

“பாத்தீங்களா? இதுதான் படிப்பு! இவ்வளவு பெரிய காரியத்தச் செஞ்சிட்டு, நான் ஒண்ணுமே செய்யலைன்னு சொல்லுது பாருங்க! நம்ம ஆளுக ஒரு சம்மட்டியத் தூக்கி வச்சாலே சம்பளத்தக் கூட்டிக் கேப்பாங்க. இந்த அடக்கம் யாருக்கு வரும்? கை தட்டுங்க!”

தட்டினார்கள். கூடையைத் தலையில் மாட்டியிருந்தவர்கள்கூட இரண்டு கையையும் எடுத்துத் தட்டினார்கள். “ஐயா, அடக்கம் இல்ல, நெசம்” என்று கத்தினேன். அது இன்னும் பெரிய அடக்கமாகிவிட்டது. கண்டாக்கையா மட்டும் தட்டவில்லை. நேரத்தைப் பார்த்துக்கொண்டு, ஏழாம் நம்பர் மலைக்குப் போகிறவர்கள் கிளம்பலாம் என்றார்.

தலைவரைத் தனியாகப் பிடித்தேன். “ஐயா, அந்தப் புள்ள ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கு. ஏதாவது ஆயிருச்சுன்னா?” என்றேன்.

“ஒண்ணும் ஆகாதும்மா, ஆத்தா இருக்கா” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். “மந்திரி வர்றதுக்கு மேடை எல்லாம் சொல்லியாச்சு. அது வரைக்கும் இந்த இல்ல, இல்லங்குறத மட்டும் கொறச்சுக்க.”

ஊரைத் திருத்தும் ஆசை எனக்கு அத்தோடு போயிற்று. ஒரு பொம்பளையைப் போய்ப் பார்த்தால் போதும் என்று தோன்றியது.

அக்கா லயத்துக்குக் கீழே பீலித் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பிள்ளை இரவு வாந்தி எடுத்த போர்வை. நான் கல்லில் உட்கார்ந்து போனை எடுத்து, யாருக்கும் அனுப்பாத அந்தப் படத்தைக் காட்டினேன்.

“அண்ணன் போட்ட படத்துல மஞ்சளா இருந்துச்சுல்ல, அது செத்த கட்டி. இதுவும் மஞ்சள். இது கட்டி இல்லக்கா. நல்ல மூளை. ஒங்களுக்கும் எனக்கும் இவளுக்கும் இருக்குற மாதிரி நல்ல மூளை. அதே மருந்து இதையும் கொன்னுருச்சு. இத இவளுக்குக் குடுத்தா, கட்டிக்கு முன்னாடி இவ போயிருவா.”

அக்கா ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். குழிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். மருந்து விட்ட பக்கம் முழுக்க ஒரு ஊதாவும் இல்லை.

“இது எப்ப எடுத்தது?”

“திருவிழாவுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி.”

அவர் போனைத் திருப்பித் தந்தார். குனிந்து போர்வையைப் பிழிந்தார். நீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்த பிறகும் விடாமல் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

“அப்ப ஏன்டி மாலைய வாங்கிக்கிட்ட?”

அம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருந்ததைச் சொல்லியிருக்கலாம். அது பாதிதான் உண்மை. எனக்கும் பிடித்திருந்தது. தட்டுகளோடு மூன்று வருசம் பேசிக்கொண்டிருந்தவளுக்கு ஐந்நூறு பேர் கை தட்டியது பிடித்திருந்தது. அதைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது, சொன்னேன்.

அக்கா போர்வையைக் கல்லில் அடித்தார். இரண்டு மூன்று அடி அடித்த பிறகு பேசினார்.

“அங்க மூஞ்சில ஒரு வலைய வச்சுப் பலகையோட சேத்துப் பூட்டிருறாங்க. அசையக் கூடாதாம். அப்புறம் எல்லாரும் வெளிய வந்து கதவ மூடிருறாங்க. இவ உள்ள இருந்து ‘அம்மா’ன்னு கத்துவா. தெனமும் நான் கதவுக்கு வெளிய நிப்பேன். நீ மருந்து கண்டுபிடிச்சிட்டன்னு சொன்னாங்க. இனி அந்தக் கதவுக்கு வெளிய நிக்க வேணாம்னு நெனச்சேன். வேற ஒண்ணும் நெனக்கல.”

அவர் அழவில்லை. போர்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ரயிலு எத்தன மணிக்கு?” என்றார்.

அடுத்த நாள் காலை கொழும்பு ஆஸ்பத்திரியில் நாங்கள் மூவரும் டொக்டரின் அறையில் நின்றோம். முடி நரைத்த, தூக்கம் போதாத கண்ணோடு இருந்த மனுஷி. அட்டையைப் புரட்டிப் பார்த்தார். கட்டமாகப் போட்டிருந்த நாட்களில் எட்டு காலியாகக் கிடந்தன. சிங்களத்தில் கேட்கத் தொடங்கினார். அக்காவுக்குச் சிங்களம் ஓரளவுக்கு விளங்கும், ஆனால் அந்த வேகத்துக்கு விளங்காது. டொக்டர் என்னைப் பார்த்து, நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

ஆகவே அந்த ஏச்சை நான்தான் மொழிபெயர்த்தேன். விட்ட நாட்களைக் கடைசியில் சேர்க்கலாம், ஆனால் விட்டது விட்டதுதான் என்றார், சொன்னேன். எட்டு நாளில் கட்டி லீவு எடுத்ததா என்றார், சொன்னேன். ஆரம்பத்தில் இந்தப் பிள்ளையைப் பற்றித் தனக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தது தெரியுமா என்றார். அதைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் கொண்டுவரவில்லை என்று இரண்டு முறை கேட்டார்.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், “கோயில் திருவிழா, மிஸ்” என்றார்.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உங்கள் ஆட்களுக்குத் திருவிழாதான் பெரிது என்று சொல்வதற்கு வாயைத் திறந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன். திருவிழா இல்லை, என்னால்தான் என்று சிங்களத்தில் சொன்னேன். ஆய்வுகூடத்தையும் தட்டையும் மாலையையும் ஒரே மூச்சில் சொன்னேன். டொக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவருக்கு அதற்கு நேரமில்லை. வெளியே வராந்தாவில் இன்னும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் இருந்தார்கள். இன்றைக்கே தொடங்கலாம், முதலில் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எழுதினார். ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். பார்ப்போம் என்றார்.

பிள்ளையைத் தாதி கூட்டிக்கொண்டு போனார். போகும்போது அது அழவில்லை. அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. அக்கா கதவுக்கு வெளியே போய் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தாதி ஒரு படிவத்தோடு வந்தார். ஆபரேஷன் அன்று அவசரத்தில் விடுபட்டதாம். மூன்று மொழியிலும் இருந்தது. அரசாங்கப் படிவத்தின் தமிழ் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் சிங்களத்தைப் படித்துத்தான் தமிழைப் புரிந்துகொண்டேன்.

“இது எதுக்கு?” என்றார் அக்கா.

“இவ தலையில இருந்து எடுத்த கட்டியில மிச்சம் கொஞ்சம் ஐஸ்ல வச்சிருக்காங்க. அத வளத்து, அதுக்கு மேல மருந்து விட்டுப் பாக்க ஒங்ககிட்ட அனுமதி கேக்குறாங்க.”

“ஒங்க எடத்துலயா?”

“எங்க எடத்துக்கும் வரலாம்.”

உள்ளேயிருந்து ‘அம்மா’ என்று ஒரு சத்தம் வந்தது. அக்கா கதவைப் பார்த்தார். மறுபடி சத்தம் வரவில்லை.

“இவளுக்கு ஒதவுமா?”

“ஒதவாதுக்கா.”

“வேற புள்ளைக்கு?”

“தெரியல. ஒதவாமலே போகலாம்.”

அக்கா பேனாவை வாங்கிக்கொண்டார். படிவத்தைச் சுவரில் வைத்து, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். எழுதி முடித்து என்னிடம் நீட்டினார். நீட்டியவர் உடனே விடவில்லை, ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“பலிச்சா ஊரே சொல்லும். பலிக்கலேன்னா நீ வந்து சொல்லு.”